ஈரல் இல்லாத ஆடு

“சேர், இந்தக் கடைக்குப் பசியோட வரக்கூடாது. படிச்சிட்டு வரோணும்,” என்றாள் தர்சனா.

அவள் கையில் இருந்தது உணவுப் பட்டியல். பனையோலை அட்டை, சணல் கட்டு, உள்ளே மண்ணிறத் தாள். கத்தரிக்காய்க் குழம்புக்கு நேரே அந்தக் கத்தரிக்காயின் வாழ்க்கை வரலாறு அச்சாகியிருந்தது. வேலணையில் யாருடைய தோட்டத்தில் பிறந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது, எந்தப் பக்கத்துக் காற்று பட்டது, எல்லாம் இருந்தது.

“சாதகம் மட்டும்தான் இல்லை. இருந்தால் என்ரை மச்சானுக்குப் பேசிப் பாக்கலாம்.”

துப்பறிவாளர் குருபரன் பட்டியலைத் திறக்கவில்லை. கதிரையில் சாய்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் முழ நீள எழுத்தில் எழுதியிருந்தது: ‘பண்ணைப் பாலம் தாண்டி வந்த எதுவும் எங்கள் சட்டியில் விழாது.’

“யாழ்ப்பாணத்தில இருந்து பாலம் தாண்டி வந்த நாங்கள் ரெண்டு பேரும் விழுந்திட்டம்,” என்றார்.

உணவகத்தின் பெயர் ‘உவர்’. நாரந்தனையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் றோட்டில், பழைய புகையிலைக் களஞ்சியம் ஒன்றை வாங்கி, சுவிசிலிருந்து திரும்பிய சுதர்சனன் அதை உணவகமாக்கியிருந்தார். இடிந்த பக்கத்தை இடிந்தபடியே விட்டு, அதற்கு மஞ்சள் விளக்கும் போட்டிருந்தார். ஊர்ச்சனம் தங்கள் வீட்டு இடிந்த சுவரை மறைக்கப் படாத பாடு படுகையில், இந்த இடிந்த சுவருக்குக் கீழே இருந்து சாப்பிட யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் முன்கூட்டியே இடம் பிடித்தார்கள்.

குருபரனும் அவருடைய உதவியாளர் தர்சனாவும் வந்தது சாப்பிட அல்ல. ஒரு மனிதனைக் காப்பாற்ற. சாப்பாடு அந்த வேலையின் ஒரு பகுதி. கஷ்டமான பகுதி என்று சொல்ல முடியாது.

நேற்று துர்க்கா என்ற பெண் குருபரனின் கந்தோருக்கு வந்து அழுதிருந்தாள். அவளுடைய கணவன் ஜெகதீஸ்தான் உவரின் தலைமைச் சமையல்காரன். அவன் தலையில் விழுந்திருப்பது ஓர் ஆட்டுப் பழி. சாதாரண ஆடு அல்ல.

வேலணை மயில்வாகனம், மகளுக்குக் கனடா விசா கிடைத்தால் இங்கே பக்கத்து ஒழுங்கை வைரவர் கோயிலுக்கு ஒரு கடா விடுவதாக நேர்ந்தவர். விசா கிடைத்தது, கடாவும் விடப்பட்டது. அவர்கள் வீட்டு வழக்கப்படி இடது காதில் முக்கோணமாக ஒரு வெட்டு, கழுத்தில் வெண்கல மணி. அதன் பிறகு அது யாருடைய தோட்டத்தைத் தின்றாலும் ஒருவரும் கை ஓங்க ஏலாது, வைரவருடைய ஆள். ஊர் அதற்கு ‘விசாக் கடா’ என்று பேர் வைத்தது. எந்த எல்லையையும் கேள்வியில்லாமல் தாண்டும். மத்தியானப் பூசை மணி கேட்டால் மட்டும் எங்கே நின்றாலும் ஓடிவரும், குருக்கள் கையால் ஒரு வடை கிடைக்கும்.

கொஞ்சக் காலமாக விசாக் கடாவைக் காணவில்லை. எங்காவது மேயும் என்று விட்டுவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் வந்த மகள் மயில்வாகனத்தை உவருக்குக் கூட்டிவந்தாள். ‘நெடுந்தீவுக் கடாப் பிரட்டல்’ சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டார். அப்போது குசினிப் பக்கம், கறி தயார் என்று ஒரு மணி அடித்தது. மயில்வாகனத்தின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அது அவருடைய கடாவின் மணி.

அன்றிலிருந்து மனிதன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாமிக்கு விட்டதைத் தானே ருசித்துவிட்டு எந்த முகத்தோடு போவது? அந்த வெட்கம் கோபமாக மாறி ஜெகதீஸின் மேல் பாய்ந்தது. ‘ஆடு வாங்குவதும் வெட்டுவதும் குசினிப் பொறுப்பு’ என்று முதலாளி சுதர்சனன் கையை விரித்தார். ஜெகதீஸோ வாயையே திறக்கவில்லை. இன்றைக்கு மத்தியானப் பூசை மணி அடிக்க முன்னர் கடாவுக்கு ஒரு மறுமொழி வராவிட்டால் மயில்வாகனம் நேரே பொலிசுக்குப் போவார். அதன் பிறகு, கோயில் கடாவை வெட்டியவன் கையால் இந்தத் தீவில் எவரும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சமையல்காரனுக்கு அதைவிடத் தூக்குத் தண்டனை நல்லது.

துர்க்கா வெளியே வேம்பின் கீழ், தர்சனாவின் ஸ்கூட்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது ஓடிவிடும் என்பதுபோல.

“வணக்கம்,” என்று ஒரு குரல். “உவர் உங்களை வரவேற்கிறது. இங்கே நீங்கள் உண்பது உணவல்ல, நிலம்.”

சாக்குத் துணியில் தைத்த ஏப்ரன் அணிந்த ஒரு பெரியவர் மேசையருகே நின்றார். பஸ்ரியாம்பிள்ளை, முன்பு கடலுக்குப் போனவர், இப்போது பரிமாறுபவர். முதலாளி எழுதிக்கொடுத்ததை ஒப்புவிக்கும்போது அவர் கண் கூரை முகட்டில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் தேவாரம் மறந்த பிள்ளையைப் போல.

“நிலத்தில இண்டைக்கு என்ன இருக்கு அண்ணை?” என்றாள் தர்சனா.

“‘கடலன்னையின் உப்புக் காற்றிலே தாலாட்டப்பட்ட...’ மிச்சம் மறந்து போச்சு பிள்ளை. பூசணிக்காய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், திருக்கை, கடாப் பிரட்டல்.”

குருபரனின் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பெரிய கடைத் தெருவில் சேலை வியாபாரி. அந்தச் சேலைக் கடையில் வளர்ந்தவருக்கு ஒன்று தெரியும். வாங்க வந்த பெண் தனக்குப் பிடித்த சேலையைக் கடைசி வரை தொடவே மாட்டாள். பிடிக்காத நாலைத் தடவுவாள், கரை அகலம் என்பாள், எழுந்து வாசல் வரை போவாள், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, ‘அது கிடக்கட்டும், இது என்ன விலை?’ என்பாள். குருபரன் விசாரணை செய்வதும் இதே முறையில்தான்.

“பூசணிக்காய் ஏன் இவ்வளவு மஞ்சள்?” என்று தொடங்கினார்.

“அது... பூசணிக்காய்தானே சேர்.”

“திருக்கைக்கு முள்ளு இருக்கே? முருங்கையிலை ஆர் உருவினது? இந்தத் தண்ணி ஏன் போத்தலில வருது, உங்கடை கிணத்துக்கு என்ன?”

“கிணறு உவர், சேர்.”

“கடைக்குப் பேர் வைக்க உதவியிருக்கு. குடிக்க உதவேல்ல,” என்றாள் தர்சனா.

குருபரன் கை கழுவ எழுந்தார். இரண்டு அடி வைத்தவர் திரும்பினார். “அது கிடக்கட்டும். ஈரல் இருக்கே?”

“ஈரல் முடிஞ்சுது.”

“இரத்த வறை?”

“அதுவும் முடிஞ்சுது.”

“குடல்? தலை?”

பஸ்ரியாம்பிள்ளை முதலாளியின் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “எல்லாம் முடிஞ்சுது, சேர்.”

“எப்ப முடிஞ்சது?”

“கடை துவங்கின நாளில இருந்து முடிஞ்சுதான் கிடக்கு.”

அவர் போன பிறகு தர்சனா பெருமூச்சு விட்டாள். “பாவம் சேர். ஈரலும் இல்லாமல் தலையும் இல்லாமல் நெடுந்தீவில இருந்து வந்திருக்கு. என்ன மனத்துணிவு!”

“காலமை ஊருக்குள்ள கேட்கச் சொன்னனான். கேட்டீரோ?”

“கேட்டனான். குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளக்காரரைக் கேட்டால், நெடுந்தீவில இருந்து ஆடு ஒண்டும் ஏறேல்லயாம். படம் எடுக்கிற ஆக்கள்தான் ஏறினவையாம், சத்தம் கிட்டத்தட்ட ஒண்டுதானாம். நாரந்தனையில வீடு வீடாக் கேட்டனான். கடை துவங்கின நாள் துவக்கம் ஒருத்தருக்கும் உவரில இருந்து பங்கு வரேல்ல.”

குருபரனுக்கு அது போதும். தீவுப் பக்கத்தில் ஆட்டை வெட்டுவது என்பது ஒரு கூட்டு முயற்சி. இன்ன நாள் இன்னார் வீட்டில் ஆடு விழுகிறது என்று முன்னரே கதை போய்விடும். யார் யாருக்குப் பங்கு என்று பேசி முடித்த பிறகுதான் கத்தி தீட்டுவார்கள். வாழையிலையில் கூறு போடும்போது ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் குடல், ஓர் எலும்பு விழ வேண்டும். ஈரல் குறைந்தால் அண்ணன் தம்பி கதையாமல் விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கடை திறந்த நாள் தொட்டு ஆடு வெட்டுகிறானாம், ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையிலும் ஈரல் விழவில்லையாம், அதைப் பற்றி ஒரு சண்டையும் இல்லையாம்.

பிரட்டல் வந்தது. கறுத்த மண்சட்டி, நல்லெண்ணெய் மினுக்கம், கறிவேப்பிலை, வறுத்த தூள் மணம். இருவரும் கொஞ்ச நேரம் துப்பறியவில்லை.

“சேர்,” என்றாள் தர்சனா வாய் நிறைய, “இந்த மனுசன் குற்றவாளியா இருந்தாலும் விட்டிடுவம்.”

குருபரன் தன் கோப்பையிலிருந்து ஓர் எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடதாசியால் துடைத்தார். சட்டைப் பைக்குள் வைத்தார்.

“வீட்டு நாய்க்கோ?”

“சாட்சிக்கு.”

இருவரும் எழுந்து குசினிப் பக்கம் போனார்கள். அது திறந்த குசினி. சமைப்பதைச் சாப்பிடுபவர்கள் பார்க்க வேண்டும் என்பது உவரின் கொள்கை. சமைப்பவன் எதைப் பிரித்துச் சட்டியில் போட்டான் என்பதைப் பார்க்க வேண்டுமா என்பது பற்றிக் கொள்கை எதுவும் இல்லை. தாழ்ந்த சுவரின் மேல், பனைநாரில் கோத்துத் தொங்கியது அந்த வெண்கல மணி. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தர்சனா தலையாட்டினாள்.

“களவெடுத்தவன் ஒளிச்சு வைப்பான், சேர். இதை ஆரோ ரசனையுள்ளவன் தொங்க விட்டிருக்கிறான்.”

உள்ளே ஜெகதீஸ் நின்றான். நல்ல உயரம், வாசல் நிலையில் இடிக்காமலிருக்கக் குனிந்து பழகிய தோள்.

“உம்மடை மனுசி வெளியில நிக்கிறா,” என்றார் குருபரன்.

“தெரியும்.”

“ஆட்டை நீர் களவெடுத்தனீரோ?”

“இல்லை.”

“ஆர் எடுத்தது?”

“எனக்கு ஒண்டும் தெரியாது.”

“இந்த மணி எப்பிடி இஞ்ச வந்தது?”

“தெரியாது.”

கல்லில் கேட்டாலும் இதைவிட நீளமான மறுமொழி கிடைத்திருக்கும். குருபரன் திரும்பி நடந்தார். நின்றார். “அது கிடக்கட்டும். பிரட்டலுக்கு இறைச்சி எங்கை வாங்கினது?”

களவு என்றபோது அசையாத முகம் அப்போதுதான் அசைந்தது. நெற்றியில் வியர்வை பொங்கியது. “ஏன்... கறி நல்லா இல்லையோ?”

“அருமை.”

“அப்ப ஏன் கேக்கிறியள்?” என்று சொல்லி அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“விசித்திரமான மனுசன்,” என்றாள் தர்சனா மேசைக்குத் திரும்பும்போது. “பொலிசுக்குப் பயமில்லை, உப்புப் புளிக்குப் பயம்.”

வழியில் பஸ்ரியாம்பிள்ளை ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் முன்னால் குந்தியிருந்து வயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை, பாட்டுக் கச்சேரியோ?”

“மத்தியானம் ஆனால் நாதஸ்வரம் போடோணும் பிள்ளை. காது கிழியிற சத்தத்தில. கால் மணித்தியாலம் ஓடோணும், பேந்து நிப்பாட்டோணும். ஏன் எண்டு கேட்டால் முதலாளி ‘சூழல்’ எண்டுறார்.”

குருபரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர் மூலையில் இருந்த மின்சாரப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தர்சனாவைப் பார்த்தார். அவருடைய மூன்று பார்வைக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த நேரம் வாசலில் ஒரு கறுத்தக் குடை மடங்கியது. வெள்ளை வேட்டி, பட்டையாகத் திருநீறு. மயில்வாகனம். பின்னால் துர்க்கா, “ஐயா, ஐயா, கொஞ்சம் பொறுங்கோ,” என்று கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

“பொறுத்தது காணும். பூசைக்கு மணி அடிக்கப் போறாங்கள். என்ரை கடாவுக்கு என்ன மறுமொழி?”

சத்தம் கேட்டுச் சுதர்சனன் அறையிலிருந்து வந்தார். கசங்கியே பிறந்த பருத்திச் சட்டை, அளவாக வளர்த்த அளவில்லாத தாடி, வெறுங்கால். வெறுங்காலும் கொள்கைதான், மண்ணோடு தொடர்பு. நிலத்துக்குப் போட்டிருந்தது இத்தாலிய மாபிள்.

“ஐயா, நானும் உங்களைப் போலத்தான் மனமுடைஞ்சு போய் நிக்கிறன்,” என்றார். “ஜெகதீஸை நான் சொந்தத் தம்பி மாதிரி நம்பினனான்.”

“அப்ப உங்கடை இறைச்சி உள்ளூர் ஆடுதான்?” என்றார் குருபரன்.

“நூறு வீதம். சுவரில எழுதியிருக்கிறன்.”

குருபரன் சட்டைப் பையிலிருந்து எலும்பை எடுத்து மேசையில் வைத்தார். தர்சனா காலையிலிருந்து ஸ்கூட்டரில் கொழுவித் திரிந்த பையிலிருந்து இன்னோர் எலும்பை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது யாழ்ப்பாணத்துச் சந்தையில காலமை வாங்கினது,” என்றார் குருபரன். “மரக்குத்தியில வைச்சுக் கத்தியால கொத்தினது. ஐயா, முறிஞ்ச இடத்தைத் தடவிப் பாருங்கோ.”

மயில்வாகனம் தடவினார். சிம்பு சிம்பாகக் கிடந்தது. விரலைக் குத்தியது.

“இது உவரின்ரை.”

மயில்வாகனம் தடவினார். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

“ஐஸில கல்லா இறுகிப் போன இறைச்சியைக் கத்தியால கொத்த ஏலாது, மெசின் வாளால அறுக்கோணும். எங்கடை மர ஆலையிலகூட இவ்வளவு நேரா அறுக்கிறேல்ல. இந்த ஆட்டுக்கு ஈரலும் இல்லை, தலையும் இல்லை, ஊருக்குப் பங்கும் இல்லை. ஏனெண்டால் இது பெட்டியில வந்தது. பாலம் தாண்டி.”

பக்கத்து மேசையில் இருந்த கனடாக் குடும்பம் கரண்டிகளைக் கீழே வைத்தது.

“மெல்லமாக் கதைப்பம்,” என்றார் சுதர்சனன்.

“கதைக்க ஒண்டும் இல்லை. ரெண்டு சாமான் விரிச்சிருக்கிறன், ஒண்டை எடுங்கோ. இது உள்ளூர் ஆடெண்டால் ஐயாவின்ரை கடா, நீங்கள் கோயில் கள்ளனுக்கு முதலாளி. இல்லையெண்டால் ஐஸ் இறைச்சி, நீங்கள் பொய்க்காரன். ரெண்டும் வேண்டாம் எண்டு எழும்பிப் போறதுக்கு இது மற்றவையின்ரை கடை இல்லை, உங்கடை.”

சுதர்சனன் சுவர் எழுத்தைப் பார்த்தார். கனடாக் குடும்பத்தைப் பார்த்தார். குருபரனின் காதருகே குனிந்து, தன் சொந்தக் குடும்பத்து மானக்கேட்டைச் சொல்வதுபோல் சொன்னார்.

“சத்தமா,” என்றார் குருபரன்.

“அவுஸ்திரேலியா.”

மயில்வாகனம் பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் இரத்தம் ஓடியது. “அப்ப நான் சாப்பிட்டது?”

“அவுஸ்திரேலியா, ஐயா.”

“அதுக்கும் வைரவருக்கும் ஒரு தொடுப்பும் இல்லையே?”

“இருந்தால் அதுவும் விசா எடுத்துத்தான் வந்திருக்கும்,” என்றாள் தர்சனா.

துர்க்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சுதர்சனன் சுவிசில் சும்மா இருந்துவிட்டு வந்தவர் அல்ல. மானம் போன பிறகு மனிதனுக்கு ஒரு சுதந்திரம் வரும், அது அவருக்கு உடனே வந்தது. நிமிர்ந்தார்.

“சரி, இறைச்சி வெளியில வாங்கினது. நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஐயா, அந்த மணி என்ரை அறையில இருக்கேல்ல. குசினியில இருந்தது. குசினி ஆற்றை பொறுப்பு? கடாவைப் பிடிச்சு ஆருக்கோ வித்துப்போட்டு மணியை வைச்சிருக்கிறான். மணி எப்பிடி வந்ததெண்டு அவனே சொல்லேல்லயே!”

மயில்வாகனத்தின் குடை மறுபடியும் கைக்கு வந்தது. கும்பிட்ட துர்க்காவின் கை அப்படியே நின்றது. குசினிச் சுவருக்குப் பின்னால் ஜெகதீஸ் கரண்டியால் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தான்.

“ஓம், அதுவும் ஞாயம்தான்,” என்றார் குருபரன். வெளியே போக எழுந்தார். வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். தர்சனா கைத்தொலைபேசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள், செருப்புக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“அது கிடக்கட்டும். உங்கடை பேஸ்புக்கில நிண்டு சிரிக்கிற கடா ஆர்?”

உவரின் பேஸ்புக் பக்கம் வெளிநாட்டாருக்கு என்று நடத்தப்படுவது. ஊரில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. ஆட்டைப் படத்தில் பார்க்க வேண்டிய நிலைமை ஊராருக்கு இன்னும் வரவில்லை.

தர்சனா வாசித்தாள். “‘இன்றைய கடா. நேற்று நெடுந்தீவில் மேய்ந்தது, இன்று உங்கள் தட்டில்.’ பக்கத்தில நோர்வே மாமி ஒராள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அடுத்த கிழமை, ‘இன்றைய கடா.’ ஜேர்மன் சோடி. அதுக்கடுத்த கிழமை திரும்ப ‘இன்றைய கடா.’ எல்லாக் கடாவுக்கும் இடது காதில முக்கோண வெட்டு. எல்லாம் ஒரு தாய் பிள்ளையளோ? இல்லாட்டி ஒரே கடாதான் கிழமைக்குக் கிழமை செத்துச் செத்து எழும்பி வருதோ?”

மயில்வாகனம் தொலைபேசியைப் பறித்து மூக்கருகே பிடித்தார். “டேய்! இது என்ரை கடாவடா!”

“இப்ப விளங்குதே ஐயா?” என்றார் குருபரன். “வாறவைக்கு உயிரோட ஒரு ஆடு காட்டோணும். வடிவான ஆடா இருக்கோணும். வெட்டத் தேவையில்லை, பெட்டியில இறைச்சி கிடக்கு. கோயில் கடாவைக் கட்டி வைச்சால் ஒருத்தரும் தேட மாட்டினம், அது ஊர் சுத்துறது எண்டு இருப்பினம். கழுத்து மணி சத்தம் போடும், அதால கழட்டியாச்சு. எறிஞ்சிருக்கலாம். ஆனால் பாருங்கோ, பழைய வெண்கலம், குசினிக்கு நல்ல வடிவு.”

“அது பழைய படம்,” என்றார் சுதர்சனன். அவர் பார்வை கடிகாரத்தில் இருந்தது. “ஒரு நாள் வந்து நிண்டது, படம் எடுத்தம், போயிட்டுது. எங்க போனதெண்டு எனக்கென்ன தெரியும்? பஸ்ரியாம்பிள்ளை! பாட்டைப் போடும்! கெதியா!”

பஸ்ரியாம்பிள்ளை ஓடினார். இடிந்த சுவர் மிச்சமும் இடியும்படி நாதஸ்வரம் வெடித்தது. குருபரன் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மயில்வாகனம் ஏதோ கத்தினார், அதுவும் கேட்கவில்லை. சுதர்சனன் மட்டும் முகம் தெளிந்து, இதுதான் சூழல் என்பதுபோல் நின்றார்.

தர்சனா மூலையில் இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிச்சை இறக்கினாள்.

நாதஸ்வரம் பாதி மூச்சில் செத்தது. மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. அந்த அமைதிக்குள், பக்கத்து ஒழுங்கையிலிருந்து, வைரவர் கோயில் மணி அடித்தது.

டாண். டாண்.

“மேஏஏ!”

எல்லோரும் திரும்பினார்கள். குசினிக்கு அப்பால், ‘களஞ்சியம்: அனுமதியின்றி நுழையக் கூடாது’ என்று எழுதிய கதவுக்குப் பின்னால், வடை பிந்துகிற கோபத்தில் யாரோ கதவை முட்டினார்கள்.

“மேஏஏஏ!”

“திறப்பு,” என்று குருபரன் கையை நீட்டினார்.

சுதர்சனன் பருத்திச் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். “சனிக்கிழமை சுவிசில இருந்து பத்திரிகைக்காரர் வருகினம்,” என்றார் பரிதாபமாக. “படம் எடுத்த உடன அவிட்டு விட்டிருப்பன். சத்தியமா.”

கதவு திறந்தது. விசாக் கடா வெளியே வந்தது. நல்ல கொழுப்பு, நல்ல மினுக்கம். உவரில் உண்மையாகவே உள்ளூர் மரக்கறி மட்டும் சாப்பிட்டு வளர்ந்த ஒரே வாடிக்கையாளர் அதுதான். கண்ணீர் வடிய நின்ற மயில்வாகனத்தை அது திரும்பியும் பார்க்கவில்லை. கனடாக் குடும்பத்தின் மேசையில் கிடந்த உணவுப் பட்டியலைக் கவ்வியது, கத்தரிக்காயின் வாழ்க்கை வரலாற்றைச் சாதகம் பார்க்காமல் தின்றது, வாசலைத் தாண்டிக் கோயிலை நோக்கிப் பாய்ந்தது. குடையை எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மயில்வாகனமும் பின்னால் ஓடினார். இனிக் கோயிலுக்குப் போக அவருக்கு ஒரு தடையும் இல்லை.

துர்க்கா குசினிச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“உங்களுக்கு எல்லாம் தெரியும்.”

ஜெகதீஸ் கரண்டியை வைத்தான். “ஓம்.”

“கடா உள்ளுக்க நிக்கிறதும் தெரியும்.”

“ஓம். சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறவாதை எண்டு முதலாளி சொன்னவர்.”

“அந்தாள் பொலிசுக்குப் போறன் எண்டு வாசலில நிண்டவர்! அப்பவும் ஏன் வாய் திறக்கேல்ல?”

ஜெகதீஸ் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான். “கடா நிக்குது எண்டு சொன்னால், அப்ப சட்டிக்குள்ள கிடக்கிறது என்ன எண்டு கேப்பினம். கள்ளன் எண்டால் கொஞ்சக் காலம் கதைப்பினம், கடா வந்த உடன மறந்திடுவினம். ஐஸ் இறைச்சியை நெடுந்தீவுக் கடா எண்டு சமைச்சவன் எண்டால், துர்க்கா, என்ரை செத்த வீட்டிலயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு நிப்பினம்.”

துர்க்காவின் முகத்தில் இருந்த இரக்கம், எதையோ நினைத்துப் பார்த்ததும், மெல்ல மெல்ல இறங்கியது.

“அப்ப,” என்றாள், “என்ரை தம்பியின்ரை கலியாணத்து நாலாம் சடங்கு விருந்துக்கு, நீங்கள் கொண்டு வந்து சமைச்ச நெடுந்தீவுக் கடா?”

ஜெகதீஸ் மாபிள் நிலத்தைப் பார்த்தான்.

“பொம்பிளை வீட்டார் அவ்வளவு பேரும் சாப்பிட்டவை,” என்றாள் துர்க்கா. “இப்பிடி ஒரு கடா வாழ்க்கையில சாப்பிடேல்ல எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான்.”

“நல்லாத்தானே இருந்தது,” என்றான் ஜெகதீஸ், மிகச் சின்னக் குரலில்.

துர்க்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குருபரனின் பக்கம் திரும்பினாள்.

“சேர், மயில்வாகனம் ஐயா கோயிலால வந்த உடன சொல்லுங்கோ. பொலிசுக்குப் போறதெண்டால் கொஞ்சம் நிக்கட்டாம். நானும் கூட வாறன்.”